உருக்குலையாத சர்க்கரை பிஸ்கோத்து

அச்சால் வெட்டிய நட்சத்திரமும் பிறையும் அடுப்பிலிருந்து வெளிவரும்போது உருவழிந்து பரந்து கிடப்பதற்குப் பிரதான காரணம், மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே வெண்ணெய் உருகி ஓடிவிடுவதுதான். ஆகையால், 200 கிராம் உப்பில்லாத வெண்ணெயையும் 175 கிராம் பொடித்த சர்க்கரையையும் ஒன்றாகக் கலக்கும் அளவுக்கு மட்டும் குழைத்து (நுரைக்க அடித்தால் உட்புகுந்த காற்று உஷ்ணத்தில் விரிந்து வடிவத்தைக் கெடுத்துவிடும்), ஒரு முட்டையும் 350 கிராம் மைதாவும் சேர்த்துப் பிசைந்து, 5 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, ஒரு மணி நேரமாவது குளிர்பதனப் பெட்டியில் வைத்த பின்னரே அச்சை வைத்து வெட்ட வேண்டும். பேக்கிங் பவுடர் அவசியமில்லை. வெட்டிய துண்டுகளை மீண்டும் கால் மணி நேரம் குளிர வைத்து, ஆறிய தட்டில் அடுக்கி, 175 டிகிரி செல்சியஸில், விளிம்பு இளம் பொன்னிறம் கொள்ளும்வரை, 10 முதல் 12 நிமிஷம் சுட்டால் போதும்.

ருசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரைத் தேக்கரண்டி உப்பு இல்லாவிடில் இனிப்பு வெறும் இனிப்பாகவே நின்றுவிடும். எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் மெல்லத் துருவி, வெண்ணெயில் சேர்க்குமுன் சர்க்கரையோடு விரல்களால் கசக்கினால், தோலிலுள்ள தைலம் சர்க்கரையில் ஊறிப் பரிமளிக்கும். வெனிலாவைவிட எனக்கு உகந்தது இதுவே.