கல்லூரிக்குப் புறப்படும் தங்கை

மாணவர் அனைவரும் ஒரே வகையில் கற்பதில்லை. காதால் கேட்டதை நொடியில் பற்றிக்கொள்ளும் ஒருவர், அதையே தாளில் வாசிக்கும்போது திணறலாம். வாயால் சொல்லும் விடையைக் கையால் எழுத இயலாமல் தவிப்பவரும் உண்டு. அறிவு இருந்தும் எழுத்து மட்டும் இடறும் இந்நிலையைக் கற்றல் குறைபாடு என்பர். வாசிப்பில் தோன்றுவது டிஸ்லெக்சியா. எழுதுவதில் தோன்றுவது டிஸ்கிராபியா. கணக்கில் தோன்றுவது டிஸ்கால்குலியா. நம் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் தங்கைக்கு இக்குறை இருந்து, "எனக்கு அப்படி ஒன்றும் இல்லை, அக்கா" என்று அவள் மறுத்தால் நாம் என்ன செய்வது? இதுவே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

குறை அறிவில் அன்று

1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அவன் அறிவுள்ளவன், கணக்கும் நன்றாக வரும். ஆயினும் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே சிறந்த மாணவனாக விளங்குவான் என்று அவன் ஆசிரியர் கருதினார். அன்று கண்ட உண்மை இன்றும் உண்மையே.

திருவனந்தபுரத்துத் தமிழ் வீடுகளில் வேறொரு காரணம் சொல்வதுண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், பாடநூலில் ஆங்கிலம். மூன்றும் சேர்ந்து பிள்ளையைக் குழப்பிவிட்டன என்பர். பல மொழி பயில்வதால் இக்குறை உண்டாவதில்லை. மொழி புதிதாக இருப்பதால் வரும் தடுமாற்றம் பழகப் பழகக் குறையும். கற்றல் குறைபாடோ தாய்மொழியிலும் தலைகாட்டும். 'கொ' என்னும் எழுத்தைப் பாருங்கள். கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது; உயிரின் ஒலியோ மெய்க்குப் பின்னரே வருகிறது. ஆங்கிலத்தில் எழுத்து 26 தான். ஆனால் எழுதுவது ஒன்று, ஒலிப்பது ஒன்று. ஆகவே அங்கே இடர் மிகுதியாக வெளிப்படும்.

அவள் ஏன் மறுக்கிறாள்?

'மக்கு' என்றும் 'சோம்பேறி' என்றும் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவளுக்குக் 'குறைபாடு' என்ற சொல் இன்னொரு வசையாகவே படும். தோழி ஒரு மணி நேரத்தில் முடித்த பாடத்தை மூன்று மணி நேரம் விழித்துப் படித்து அவள் தேறியிருக்கிறாள். அந்தப் பெயரை ஏற்றால் அத்தனை உழைப்பும் மறைந்துவிடுமோ என அஞ்சுகிறாள். அந்த அச்சத்தோடு வாதாடிப் பயன் இல்லை.

ஆகவே பெயரை ஒதுக்கிவிட்டு வேலையைப் பற்றிப் பேசுவோம். "எந்தப் பாடத்தில் எது உன் நேரத்தைத் தின்கிறது?" என்று கேட்போம். பழைய வினாத்தாள் இரண்டை எடுத்து, ஒன்றை உரிய நேரத்திலும், மற்றொன்றைக் கூடுதல் நேரத்திலும் எழுதச் சொல்வோம். இரண்டையும் அவளே ஒப்பிடட்டும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. முறையான சோதனை நடக்காத இடத்தில், அவள் மறுப்பே சரியாகவும் இருக்கலாம். கண், காது, மன வருத்தம் ஆகியவற்றையும் பார்த்து, உளவியல் வல்லுநரே முடிவு கூற வேண்டும். நம் நகரில் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள குழந்தை வளர்ச்சி மையம், வளரிளம் பருவத்தினரின் இத்தகைய பிரச்சினைகளையும் கவனிக்கிறது.

கேட்பவள் அவளே

பள்ளியில் அவளுக்காக அம்மா சென்று ஆசிரியரிடம் பேசினார். கல்லூரியில் அவளே பேச வேண்டும். 2024இல் கேரளத்தில் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பில் பாடங்களைத் தேர்வதிலும் மாணவர்க்குப் பொறுப்பு மிகுதி.

சட்டம் அவள் பக்கம் நிற்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத கற்றல் குறைபாடு, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளுள் ஒன்றாயிற்று. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறையுடையவர்க்கு அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 விழுக்காடு இடம் உண்டு. மூன்று மணித் தேர்வில் ஒரு மணி கூடுதலாகத் தர வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு மத்திய அரசு நெறிமுறை. டிஸ்கிராபியா உடைய ஒரு மாணவிக்கு 2021 நீட் தேர்வில் அந்த ஒரு மணி மறுக்கப்பட்டது. அவள் உச்ச நீதிமன்றம் வரை சென்றாள். மறுதேர்வு கிடைக்கவில்லை, ஆயினும் நேர்ந்த அநீதியைச் சரிசெய்ய வழி காணுமாறு நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் ஆணையிட்டது.

ஆகவே கல்லூரி திறக்குமுன் மூன்று செயல்கள் முடிய வேண்டும். முதலாவது, சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகுமா என்று பார்த்துப் புதுப்பித்தல். இரண்டாவது, பாடத்தை உரக்க வாசித்துக் காட்டும் கைப்பேசி வசதியையும், விரிவுரையை அனுமதி பெற்றுப் பதிவு செய்து கேட்பதையும் விடுமுறையிலேயே பழகுதல். மூன்றாவது, தனக்கு வேண்டியதைத் தானே சொல்லப் பயிலுதல். "நான் மெதுவாக வாசிப்பேன், சார், தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும், இதோ சான்றிதழ்." இவ்வளவே போதும். நாம் பேராசிரியராக எதிரே அமர்ந்து கேட்போம். அவள் பத்து முறை சொல்லிப் பார்க்கட்டும். சான்றிதழ் அவள் பெட்டியில் இருக்கட்டும். எடுப்பதும் எடுக்காததும் அவள் விருப்பம்.

நண்பர்களே, மூக்குக்கண்ணாடி அணிந்து தேர்வெழுதுபவரைப் பார்த்து யாரும் சலுகை பெற்றவர் என்று சிரிப்பதில்லை. கூடுதல் நேரம் கேட்டு எழுந்து நிற்கும் மாணவியைப் பார்த்து வகுப்பில் சிரிப்பொலி எழுமானால், அதைக் கேட்டு இன்னொருத்தி தன் சான்றிதழைப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிடுவாள். தங்கையின் மறுப்பை வளர்த்ததில் நம் சிரிப்புக்கும் பங்கு உண்டு. அதை முதலில் நிறுத்துவோம்.