எதற்கும் இருக்கட்டுமே என்று எடுக்கும் குரூப்

மே மாதம் பாதி கழிந்து பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால், சென்னையை ஒட்டிய எங்கள் நூம்பலில் ஒரு வாரத்துக்கு ஒரே பேச்சுதான். மார்க் எவ்வளவு என்பது அன்று மத்தியானத்தோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு, "என்ன குரூப்?" மளிகைக் கடையில், இஸ்திரி வண்டியில், மாடிப்படியில், எங்கும் இந்தக் கேள்வி. பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "பயோ-மேத்ஸ்." ஏன் என்று கேட்டால் பிள்ளை அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மா சொல்வார்: "எதுக்கும் இருக்கட்டுமே சார். டாக்டருக்கும் போகலாம், இன்ஜினியரிங்கும் போகலாம் இல்ல?"

இந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வேலப்பன்சாவடிக்கு வந்தால் மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும். வானகரம் பக்கம் அப்போலோ. பூந்தமல்லியைத் தாண்டினால் பொறியியல் கல்லூரி பஸ்கள்தான் சாலை முழுக்க. வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிற தாய்க்கு ஆசை வராமல் இருக்குமா?

நான் பிளஸ் டூ வகுப்புகளுக்குக் கணக்குப்பதிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். காமர்ஸ் வாத்தியாருக்கு அறிவியல் குரூப் மேல் என்ன கோபம் என்று யாராவது கேட்டால், கொஞ்சம் கோபம் உண்டு என்றே சொல்லிவிடுகிறேன். அதைக் கழித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

என்னென்ன குரூப் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். ஒரு மொழிப் பாடமும் ஆங்கிலமும் எல்லோருக்கும் பொது. மீதி நாலு பாடத்தில்தான் பிரிவு. இயற்பியல், வேதியியல், கணிதத்தோடு உயிரியல் சேர்ந்தால் பயோ-மேத்ஸ். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் வந்தால் கம்ப்யூட்டர் குரூப். கணிதம் இல்லாமல் தாவரவியல், விலங்கியல் தனித்தனியாக வந்தால் பியூர் சயின்ஸ். அதன் பிறகு காமர்ஸ், கலைப் பிரிவு, தொழிற்கல்வி. 1978ல் பிளஸ் டூ வந்த நாளிலிருந்து இந்த வரிசைக்கு ஒரு மேல் கீழ் ஒட்டிக்கொண்டது. நிறைய மார்க் வாங்கியவன் மேலே, குறைந்தவன் கீழே. பள்ளிகளும் மார்க் பட்டியலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே இடம் நிரப்புகின்றன. பிள்ளைக்கு எது வரும், எது வராது என்று கேட்க அந்த மேசையில் யாருக்கும் நேரமில்லை.

இனி பயோ-மேத்ஸ். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. உங்கள் பெண் உயிரியலில் 98 வாங்கினாலும் 58 வாங்கினாலும் அந்த 200ல் ஒரு புள்ளி அசையாது. நீட் தேர்வுக்கு 720. அதில் உயிரியல் மட்டும் 360, இயற்பியலும் வேதியியலும் ஆளுக்கு 180. கணிதத்துக்கு அங்கே இடமே கிடையாது. ஆக, எந்தப் பக்கம் போனாலும் இரண்டு வருடம் முட்டி மோதிப் படித்த ஒரு கனமான பாடம் சேர்க்கைக் கணக்கில் வராமல் போகிறது. இரண்டு கதவும் திறந்திருக்கிறது என்று நினைத்து எடுத்தது, கடைசியில் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று முடிகிறது.

சும்மா கூடுதலாக ஒரு பாடம்தானே என்பார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் உயிரியல் என்பது பெயருக்குத்தான் ஒரு பாடம். புத்தகம் உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு. எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணும் அதற்கேற்ப 35, 35 என்று பிரிகிறது. அதற்கு மேல் செய்முறை நோட்டு, படம் வரைதல், ஹெர்பேரியம். கணிதத்தில் பிளஸ் ஒன்னிலேயே நுண்கணிதம் தொடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்பில் புத்தகக் கணக்கை மனப்பாடமாகப் போட்டு 97 வாங்கியவன், எல்லை மதிப்பும் வகையிடலும் வந்ததும் திகைத்து நிற்பதைப் பக்கத்து வகுப்பு ஜன்னல் வழியாகவே பல வருடம் பார்த்திருக்கிறேன்.

நீட் எழுதும் எண்ணம் இருந்தால் சிக்கல் இன்னும் இறுகுகிறது. அந்தத் தேர்வுக்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகம், கொள்குறி வினா, தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. பொதுத் தேர்வுக்கு மாநிலப் புத்தகம், விரிவான விடை. ஒரே இயற்பியலை இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். சாயங்காலம் மேத்ஸ் டியூஷன், சனி ஞாயிறு அண்ணா நகரில் நீட் கோச்சிங் என்று ஓடும் பிள்ளை எதில்தான் ஊன்றி உட்காரும்? நாடு முழுக்க நீட் எழுதுபவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம்தான். அவ்வளவு நெருக்கடிக்குள், பாதி நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுத்துவிட்டுப் போய் நிற்பதை எச்சரிக்கை என்று எப்படிச் சொல்வது?

கணிதமும் உயிரியலும் இரண்டுமே இனிக்கிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இந்தக் குரூப் பொருந்தும், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுப்பதில்லை.

மருத்துவம், நர்சிங், கால்நடை, வேளாண்மை என்று மனம் நிலைத்துவிட்டவர்கள் தைரியமாக பியூர் சயின்ஸ் எடுக்கலாம். கணிதம் இல்லாததால் ஊரில் இதை இரண்டாம் தரமாகப் பார்க்கிறார்கள், நீட் தேர்வு அப்படிப் பார்ப்பதில்லை. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் மாநில இடங்களுக்குக் கால்நடை மருத்துவமும் வேளாண்மையும் பி.எஸ்சி. நர்சிங்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே கிடைக்கின்றன. சித்த மருத்துவத்துக்குத்தான் நீட் வேண்டும். கணிதம் இல்லாவிட்டால் பொறியியலும் பி.ஆர்க்கும் மூடிவிடும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு எடுங்கள்.

கம்ப்யூட்டர் குரூப் இப்போது ஏ.ஐ. காய்ச்சலில் போகிறது. பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் என்று பாடம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கிடைக்க இந்தப் பாடம் தேவையில்லை. கலந்தாய்வு கேட்பது அதே கணிதம், இயற்பியல், வேதியியல்தான். பொறியியல்தான் என்று முடிவெடுத்தவனுக்கு நாலாவது பாடத்தின் பாரம் குறைகிறது, அந்த அளவில் இது நல்ல குரூப். இயற்பியல் என்றாலே வயிற்றைக் கலக்குகிற பிள்ளை, கம்ப்யூட்டர் என்ற பெயரைப் பார்த்து உள்ளே போனால் மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவர்களுக்குச் சுற்றுவழியும் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020ல் தொடங்கிய தரவு அறிவியல் பி.எஸ். படிப்பில், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, எந்தக் குரூப்பில் பிளஸ் டூ முடித்தவரும் தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம்.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். காமர்ஸ் எடுக்கும் பிள்ளையிடம், "மார்க் குறைஞ்சிடுச்சா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. சென்னைக் கல்லூரிகளில் பி.காம். இடத்துக்கு ஜூன் மாதம் நடக்கும் அடிதடியைப் பார்த்திருந்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள். ஒரு பையன் பயோ-மேத்ஸில் முதல் தேர்வில் கணக்கில் 17 வாங்கிவிட்டு, அப்பாவோடு சண்டை போட்டு என் வகுப்புக்கு மாறி வந்தான். முதல் மாதம் பற்று எது வரவு எது என்று விழித்தான். மூன்றாம் மாதம் இருப்பாய்வு ஒத்துவராவிட்டால் சாப்பிடப் போகமாட்டான். கணக்கு வராத பிள்ளை என்று முத்திரை குத்தப்பட்டவன்! இப்போது பாடிப் பக்கம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. வேலை முழுக்க அவன் கையில்.

காமர்ஸிலும் ஒரு முட்டுச்சந்து இருக்கிறது. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றும் சேர்ந்தே வரும். நாலாவதாகப் பள்ளி கணினிப் பயன்பாடுகளைக் கொடுக்கும், அல்லது வணிகக் கணிதமும் புள்ளியியலும் கொடுக்கும். எளிது என்று எல்லோரும் முதலாவதற்கு ஓடுகிறார்கள். சி.ஏ. நினைப்பு இருந்தால் வணிகக் கணிதம் எடுங்கள். சி.ஏ. பவுண்டேஷனின் நாலு தாள்களில் ஒன்று கணிதம், தர்க்கம், புள்ளியியலைச் சோதிப்பது. 2024 முதல் அந்தத் தேர்வு வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது, அதனால் ஒருமுறை தவறினால் உடைந்துபோக வேண்டியதில்லை. ஆனால் பவுண்டேஷன், இன்டர்மீடியட், இரண்டு வருட ஆர்ட்டிகிள்ஷிப், பைனல் என்று நீளும் பாதை அது. மூன்று வருடத்தில் சம்பளம் வந்தாக வேண்டிய வீட்டுப் பிள்ளை பி.காம். முடித்து, டேலியும் வரிக் கணக்கும் கற்று வேலையில் உட்கார்ந்த பிறகு அதைத் தொடரலாம்.

கலைப் பிரிவைப் பற்றிப் பேச ஆளே இல்லை. வரலாறும் அரசியல் அறிவியலும் படித்தால் என்ன வேலை என்று கேட்கும் அதே வீடுகளில், பி.இ. முடித்த அண்ணன் நாலு வருடம் கழித்து டி.என்.பி.எஸ்.சி.க்காகப் பிளஸ் ஒன் வரலாற்றுப் புத்தகத்தை அடிக்கோடிட்டுப் படித்துக்கொண்டிருப்பான். சட்டக் கல்லூரியின் ஐந்தாண்டுப் படிப்புக்கும் இந்தக் குரூப் போதும். அம்பத்தூர், ஆவடிப் பக்கம் இதை நடத்தும் தனியார் பள்ளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் விசாரியுங்கள்.

அரசுப் பள்ளி என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையைப் பிளஸ் ஒன்னுக்குக் கடன் வாங்கித் தனியாரில் சேர்க்கும் பெற்றோர், அந்த வாய்ப்பையும் சேர்த்தே கைகழுவுகிறார்கள்.

பிளஸ் ஒன்னே வேண்டாம் என்பதும் ஒரு தேர்வுதான். 1964ல் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையில் வேலை ஓடும் பிள்ளையை இயற்பியல் சூத்திரத்தோடு மல்லுக்கட்ட விடுவது எனக்குப் புரிந்ததில்லை. அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, ஆவடியில் முருகப்பா பாலிடெக்னிக் இருக்கிறது. பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோ, பிறகு விருப்பமிருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பள்ளியிலேயே இருக்க ஆசைப்பட்டால், தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்களுக்கும் பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு உண்டு.

சரி, பிள்ளைக்கு எது வரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பத்தாம் வகுப்பு மார்க் பாதிதான் சொல்லும். அறிவியல் அங்கே ஒரே பாடம், காமர்ஸ் அங்கே இல்லவே இல்லை. நான் சொல்வது எளிய வழி. பிளஸ் ஒன் புத்தகங்கள் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. அச்சில் வேண்டுமென்றால் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் அன்பழகன் கல்வி வளாகத்துக்குப் போங்கள். கணிதம், விலங்கியல், கணக்குப்பதிவியல் மூன்றிலும் முதல் இரண்டு பாடத்தை விடுமுறையில் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அதட்ட வேண்டாம். எந்தப் புத்தகம் யாரும் சொல்லாமலே மறுநாளும் திறக்கப்படுகிறது என்று பாருங்கள்.

சேர்க்கைக்குப் போகும்போது பள்ளியில் ஒன்றைக் கேளுங்கள்: பிளஸ் ஒன் பாடத்தை நடத்துவீர்களா? 2017-18ல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு வந்ததற்கே காரணம், பல பள்ளிகள் அந்தப் புத்தகத்தைத் தொடாமல் பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருடம் உருப்போட வைத்ததுதான். 2025-26 முதல் அந்தப் பொதுத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது நல்லது. பழைய வழக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது பெற்றோர் பாடு. நீட், ஜே.இ.இ. இரண்டும் பதினோராம் வகுப்பிலிருந்தும் கேட்கும்.

சேர்ந்த பிறகு கொஞ்சம் பொறுமை வேண்டும். எந்தக் குரூப்பாக இருந்தாலும் முதல் தேர்வில் மார்க் விழும். 90 வாங்கிய பிள்ளை 45 வாங்கி வந்தால், தப்பான குரூப் என்று அன்றைக்கே முடிவு கட்டாதீர்கள். எது தடுக்கிறது என்று கேளுங்கள். "கஷ்டமா இருக்கு" என்றால் நாலைந்து வாரம் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பிடிபட்டுவிடும். "இதைப் பார்க்கவே பிடிக்கலை" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் வகுப்பாசிரியரைப் பார்த்துவிட்டுத் தலைமை ஆசிரியரிடம் போங்கள். இடம் காலியாக இருந்தால் தொடக்க வாரங்களில் பல பள்ளிகளில் மாற்றித் தருவார்கள். காலாண்டுத் தேர்வு தாண்டிவிட்டால் விட்டுப்போன பாடத்தை யார் நடத்துவது என்று கேட்பார்கள், அந்தக் கேள்வியும் நியாயம்தான்.