சிங்கப்பூரில் குறைந்தபட்சச் சம்பளம் உண்டா?

கேள்வி: என் தம்பி கட்டுமான வேலைக்குச் சிங்கப்பூர் போகிறான். அங்கே குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அவனைக் காக்குமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: காக்காது. எல்லோருக்கும் பொதுவான அப்படியொரு சட்டமே அங்கே இல்லை. துப்புரவு, பாதுகாவல் போன்ற துறைகளில் 'படிப்படியாக உயரும் சம்பள முறை' இருக்கிறது. 2014இல் துப்புரவு ஊழியருக்கு 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அடிப்படைச் சம்பளத்தில் அது கட்டாயமானது. வெளிநாட்டவரை வேலைக்கு வைக்கும் நிறுவனங்கள், முழுநேர உள்ளூர் ஊழியருக்கு 2024 ஜூலை முதல் 1,600 வெள்ளியாவது தரவேண்டும் என்றும் ஆனது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இவையெல்லாம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்களுக்காக முதலாளி மாதாமாதம் அரசுக்குத் தீர்வை கட்டுகிறார். அவர்கள் சம்பளத்துக்கோ கீழ்வரம்பு இல்லை. வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் வேறு. இது அநியாயம்.

தம்பியின் கையில் இருக்கவேண்டியது சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் ஐபிஏ கடிதம், அதாவது வேலை அனுமதிக்கான கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். அவர் எழுத்துமூலம் சம்மதிக்காமல் அந்தச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. விமானம் ஏறும் முன்பே அதைத் தமிழில் கேட்டு வாங்கி, வரிவரியாகப் படியுங்கள். ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.