மலைநகரும் மின்சார மோட்டார் வண்டியும்

வெற்றி பெற்ற கருவிகளின் வரலாற்றைப் படிக்கும் நாம், நிலைபெறாது மறைந்தவற்றின் வரலாற்றையும் படித்தல் நன்று. கண்டி வாழ் மாணவருக்கு ஏற்ற பாடமொன்றை அத்தகைய வண்டியொன்று தருகின்றது.

அதன் பெயர் 'லவ்பேர்ட்'. கேரளத்துச் சாலக்குடியிலும் தமிழகத்துக் கோயம்புத்தூரிலும் இயங்கிய எடி கரண்ட் கொன்ட்ரோல்ஸ் நிறுவனம், யப்பானிய யஸ்காவா நிறுவனத்தின் துணைகொண்டு அதனை ஆக்கியது. 1993ஆம் ஆண்டு தில்லி மோட்டார்க் கண்காட்சியில் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதில் இருவர் அமரலாம். ஈய அமிலப் பற்றரிகளில் ஒருமுறை மின்னேற்றினால் ஏறக்குறைய 60 கிலோமீற்றர் செல்லும். எனினும், 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் அதனால் ஏற இயலவில்லை.

நமது நகரோ மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்றது. வாகனங்கள் கக்கும் புகை எளிதில் வெளியேறாது தங்கிவிடுகின்றது. புகையற்ற வண்டி எந்நகருக்கு மிக வேண்டியதோ, அந்நகரின் மேடுகளே அதற்குத் தடையாகும் நிலையை இங்கே காண்கிறோம்.

காரணத்தைக் கணக்கினால் அறிவோம். ஆட்களுடன் 1,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டியை 100 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற 980,000 யூல், அதாவது ஏறத்தாழ 0.27 கிலோவாற்று மணி சக்தி வேண்டும். சமதளத்தில் ஒரு சிறு வண்டி இரண்டு கிலோமீற்றருக்கு மேல் ஓட இச்சக்தி போதும். மேலும், ஏற்றத்தில் மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கின்றது. அவ்வாறு விரைந்து இழுக்கும்போது ஈயப் பற்றரி தன் முழுக் கொள்ளளவையும் தருவதில்லை, மோட்டாரும் சூடேறுகின்றது.

ஆயினும் மலை வாங்கியதில் ஒரு பகுதியைத் திருப்பியும் தரும். இறக்கத்தில் சில்லுகள் மோட்டாரைச் சுழற்ற, அது டைனமோவாகிப் பற்றரிக்கு மின்னேற்றுகின்றது. 2001இல் பெங்களூரில் வெளிவந்த 'ரேவா' வண்டியில் இவ்வமைப்பு இருந்தது. 1985 முதல் விக்டோரியா அணையில் மகாவலி நீர் வீழ்ந்து மின்சாரம் பிறப்பதும் இத்தத்துவத்தினாலேயே. உயரத்தில் உள்ள பொருளின் நிலைச்சக்தி, அது இறங்கும்போது மின்னாக மாறுகின்றது. இன்றைய லிதியம் பற்றரிகளோ அதே நிறைக்குப் பன்மடங்கு சக்தி கொள்வன. ஆதலின் மேடு முன்போல் அத்துணை பெருந்தடையன்று.

லவ்பேர்டைச் சமைத்தோரை நாம் எள்ளுதல் தகாது. அவர்கள் கண்ட குறையே பின்வந்தோர் தீர்க்க வேண்டிய வினாவாயிற்று.

மாணவர்காள்! கல்லூரி வாயிலுக்கும் உங்கள் இல்லத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டை அறிந்து, மேற்காட்டிய கணக்கை நீங்களே செய்து பாருங்கள். பொறியியல் துறையில் விளங்கும் பழைய மாணவர்கள் அவ்விடையைத் திருத்தி உதவுவார்களாயின், இவ்விழா மலரின் பயன் நிறைவுறும்.