கைத்தொழிற் புரட்சி: நீராவி இயந்திரமும் ஜேம்ஸ் வாட்டின் பரிசோதனைகளும்

"நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார்?" என வினவினால், "ஜேம்ஸ் வாட், 1769" என மாணவர் பலர் உடனே எழுதிவிடுவர். இவ்விடை சரியன்று. வாட் பிறப்பதற்கு முன்னரே இங்கிலாந்தின் சுரங்கங்களில் நீராவி இயந்திரங்கள் இயங்கின. 1769 என்பது வாட் தமது திருத்தத்திற்கு ஆக்கவுரிமை பெற்ற ஆண்டாகும். அவ்வியந்திரம் தொழிலிடங்களில் வேலை செய்யத் தொடங்கியது 1776 இலேயாகும். இடையில் நடந்தவற்றை விளங்கிக்கொண்டால், இந்த ஆண்டுகளைத் தனித்தனியே மனனஞ் செய்ய வேண்டியதில்லை.

1. நியூகொமனின் இயந்திரம் (1712)

நிலக்கரிச் சுரங்கங்களில் ஊறும் நீரை வெளியேற்றுவதற்காக இதனை அமைத்தவர் தொமஸ் நியூகொமன். உருளையினுள் நீராவி செலுத்தப்படும். பின்னர் அதே உருளையினுள் குளிர்நீர் பாய்ச்சப்படும். நீராவி ஒடுங்கி வெற்றிடம் உண்டாக, வளிமண்டல அமுக்கம் முசலத்தைக் கீழே தள்ளும். இதன் பெருங்குறை, நிலக்கரியை அளவுகடந்து விழுங்கியமையாகும். நிலக்கரி மலிவாகக் கிடைத்த சுரங்கங்களில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. மற்றைய இடங்களில் இதனைப் பயன்படுத்துவது கட்டுப்படியாகவில்லை.

2. பழுதுபார்க்க வந்த மாதிரி (1763 - 1764)

ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வாட் (1736 - 1819), கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்பவராக இருந்தார். நியூகொமன் இயந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்று திருத்துவதற்காக அவரிடம் வந்தது. அவர் அதைத் திருத்தினார். ஆயினும் சில தடவைகள் அசைந்ததும் நீராவி தீர்ந்து அது நின்றுவிட்டது. திருத்திய பின்னும் ஏன் நிற்கிறது என்ற கேள்வியே அவரது ஆய்வின் தொடக்கமாயிற்று.

3. முதல் முயற்சியும் அதன் பாடமும்

உலோக உருளையினூடாக வெப்பம் வெளியேறுவதே காரணம் என வாட் முதலில் கருதினார். ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்த மரத்தால் ஓர் உருளை செய்து பார்த்தார். வெப்ப இழப்பு குறைந்தது. ஆனால் மரம் நீடித்து உழைக்கவில்லை. நீராவி வீணாவதும் நிற்கவில்லை. எனவே காரணம் வேறிடத்திலும் இருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

அடுத்ததாக, ஒவ்வோர் அசைவுக்கும் எவ்வளவு நீராவி செலவாகிறது என அளந்தார். உருளையை நிரப்பத் தேவையானதைப் போலப் பல மடங்கு நீராவி செலவாகியது. குளிர்நீரால் குளிர்ந்துபோகும் உருளையை ஒவ்வொரு முறையும் மீண்டும் சூடாக்குவதிலேயே அது வீணாகியது. நீராவி தன் நிறையைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு நீரைக் கொதிநிலைக்குச் சூடாக்கவல்லது என்பதையும் பரிசோதித்து அறிந்தார். இதன் காரணமாகிய மறைவெப்பத்தை அவருக்கு விளக்கியவர் அப்பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் பிளாக் ஆவார்.

4. வேறான ஒடுக்கி (1765)

உருளை எப்போதும் சூடாக இருக்க வேண்டும். நீராவி ஒடுங்குமிடமோ குளிராக இருக்க வேண்டும். ஒரே பாத்திரத்தில் இவ்விரண்டும் கூடா. எனவே நீராவியை வேறொரு பாத்திரத்திற்குக் கொண்டு சென்று ஒடுக்கலாம் என்ற எண்ணம் 1765 இல் வாட்டுக்குத் தோன்றியது. சிறிய மாதிரி ஒன்றில் செய்து பார்த்தார், வெற்றி கிடைத்தது.

5. பெரிய இயந்திரத்தில் தோல்வி (1769)

ஜோன் றோபக் என்பவரின் பண உதவியுடன் கினீல் என்னும் இடத்தில் பெரிய இயந்திரம் ஒன்று அமைக்கப்பட்டது. அது எதிர்பார்த்தபடி இயங்கவில்லை. உருளை சரியான வட்டமாக அமையாததால், முசலத்தின் ஓரத்தால் நீராவி கசிந்தது. நியூகொமன் இயந்திரத்தில் முசலத்தின் மேல் நீர் ஊற்றிக் கசிவை அடைத்தனர். வாட்டின் இயந்திரத்தில் அவ்வாறு செய்தால் உருளை குளிர்ந்துவிடும். எனவே தக்கை, எண்ணெய் தோய்த்த துணி, கடதாசி மட்டை எனப் பல பொருள்களை வைத்து அடைத்துப் பார்த்தார். எதுவும் போதவில்லை. குடும்பத்தைக் காக்கக் கால்வாய்களுக்கு நில அளவை செய்து உழைத்தார். 1773 இல் றோபக் பணநெருக்கடியில் வீழ்ந்தார். அதே ஆண்டில் வாட்டின் மனைவியும் காலமானார்.

6. வெற்றி (1776)

றோபக்கின் பங்கைப் பெற்றுக்கொண்ட மத்தியூ போல்டன், வாட்டைப் பேர்மிங்ஹாமுக்கு அழைத்துக்கொண்டார். 1775 இல் பாராளுமன்றம் ஆக்கவுரிமையை 1800 வரை நீடித்தது. ஜோன் வில்கின்சன் பீரங்கிகளைத் துளைப்பதற்கு 1774 இல் உருவாக்கிய முறையை மேலும் திருத்தி, உருளைகளையும் திருத்தமாகக் குடைந்து கொடுத்தார். கசிவுப் பிரச்சினை பெரிதும் தீர்ந்தது. 1776 இல் ஒரு நிலக்கரிச் சுரங்கத்திலும் வில்கின்சனின் இரும்பு உலையிலும் வாட்டின் இயந்திரங்கள் இயங்கத் தொடங்கின. நியூகொமன் இயந்திரம் செலவிட்ட நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே இவற்றுக்குப் போதுமாயிருந்தது. 1781 இல் சுழலும் அசைவைத் தரும் அமைப்புக்கும் வாட் ஆக்கவுரிமை பெற்றார். அதன் பின்னர் வாட்டின் இயந்திரங்கள் ஆலை இயந்திரங்களையும் சுழற்றின.

கவனிக்குக

- 1769 இல் வாட்டின் கருத்து தவறாக இருக்கவில்லை. அதைச் செய்து முடிக்கும் தொழினுட்பமே அன்று போதாதிருந்தது. கண்டுபிடிப்பு என்பது கருத்து, கைத்திறன், மூலதனம் ஆகிய மூன்றும் சேர்ந்ததாகும்.
- வாட் கண்மூடித்தனமாக முயலவில்லை. ஒவ்வொரு தோல்வியின் பின்னரும் காரணத்தை ஆராய்ந்து, அதற்கேற்ப அடுத்த முயற்சியை அமைத்தார்.

மாதிரி வினா

வாட்டின் நீராவி இயந்திரம் ஒரே நாளில் உருவானதன்று என்பதை மூன்று உதாரணங்களால் விளக்குக.

விடைக் குறிப்பு: மர உருளை (உலோகத்தினூடான வெப்ப இழப்பு மட்டும் காரணமன்று எனக் காட்டியது), நீராவியை அளத்தல் (வேறான ஒடுக்கி தேவை எனக் காட்டியது), கினீல் இயந்திரம் (திருத்தமான உருளை தேவை எனக் காட்டியது). முயற்சியை மட்டும் எழுதி நிறுத்தாது, அம்முயற்சி எதைக் கற்பித்தது என்பதையும் ஒவ்வொன்றின் எதிரே எழுதுக.

மாணவர்களே, பயிற்சி வினாத்தாள்களில் நீங்கள் விடும் பிழைகளையும் இவ்வாறே பாருங்கள். சிவப்பு மையால் கோடிட்ட விடையை மடித்து வைத்துவிடாமல், அது ஏன் பிழைத்தது என அதனருகே ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வினாத்தாளில் எதைத் திருத்த வேண்டும் என்பதை அந்த ஒரு வரி சொல்லும்.