விசுவாசம் போதாது என்றவர்களுக்கு

கேட்ட ஜெபம் கேட்டபடி கிடைத்தவர்களுக்குச் சாட்சி சொல்ல மேடை இருக்கிறது. கிடைக்காதவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறோம். அந்தக் கடைசி பெஞ்சுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. சபையே ஜெபித்தது. அவர் பிழைக்கவில்லை. நான் இன்னும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். எப்படிப் போகிறாய் என்று கேட்கிறவர்கள் நிறைய.

ஆரம்பச் சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை, பிறகு ரத்த அழுத்தம், கால் வீக்கம், ஏறிக்கொண்டே போன கிரியாட்டினின். டயாலிசிஸுக்காக இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்தார்கள். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷின். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் டயாலிசிஸ் செலவைத் தாங்க முடிந்தது. உங்களிடம் இல்லையென்றால் வருமானச் சான்றை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போய் முதலில் அதை வாங்குங்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்கு அரசுப் பட்டியலில் பதிந்தோம். நான் கொடுக்கலாமென்றால் எனக்கும் சர்க்கரை.

அவருடைய அண்ணன், எங்கள் பெரிய அத்தான், அதே ரத்த வகை. கிட்னி கொடுப்பது யாருடைய கடமையும் இல்லை, தெரியும். பரிசோதனைக்காவது வருவார் என்று நினைத்தேன். வந்தார், ஒரு ஊழியக்காரரைக் கூட்டிக்கொண்டு.

எல்லாவற்றையும்விட நாங்கள் அதிக விலை கொடுத்தது அங்கேதான். ஊழியக்காரர் வெளியூர். எங்கள் சேகரத்துப் போதகர் ஐயருக்கே அவர் வந்தது தெரியாது. தலையில் எண்ணெய் பூசி உரக்க ஜெபித்தார். பிறகு இவருடைய இடது கையை, ஃபிஸ்டுலா இருக்கிற இடத்திலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, “சுகம் கொடுத்தாச்சு, இனி ஊசி வேண்டாம். மெஷினுக்குப் போனா அது அவிசுவாசம்” என்றார். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக்கூட நர்ஸுகள் விடமாட்டார்கள். நான் எதிர்த்துப் பேசினேன். நாத்தனார் அந்த அறையில்தான் இருந்தாள், யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அத்தான் என்னைத்தான் அடக்கினார். “ஏம்மா, நீதான் தடையா இருக்க. வீட்டுப் பொம்பளைக்கு விசுவாசம் இல்லைன்னா அற்புதம் எப்படி நடக்கும்?”

ஊசிக்குப் பயந்து பயந்து நாளைக் கடத்துகிற மனிதரிடம் இனி ஊசியே இல்லை என்றால் அவர் யாரை நம்புவார், என்னையா? அந்த வாரம் முழுக்க மெஷினுக்குப் போகவில்லை. சுகமாகிவிட்டது என்று காட்ட அத்தான் இளநீர் வெட்டிக் கொடுத்தார். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடலாம் என்று சொல்லி, வாழைப்பழத்தையும் இளநீரையும் சிவப்பு மையில் அடித்துக் கொடுத்திருந்த தாள் எங்கள் பிரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை ராத்திரி அவரால் படுக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தலையணையை வைத்துக் குனிந்தபடி மூச்சை இழுத்து இழுத்து விட்டார். நுரையீரலில் தண்ணீர். நானும் என் தம்பியும் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனோம். அத்தான் போனை எடுக்கவில்லை. ஜெபத்தில் இருந்தாராம்.

ஐசியூவிலிருந்து உயிரோடு திரும்பினார். ஆனால் இதயம் பழைய நிலைக்கு வரவேயில்லை. பட்டியலில் முறை வந்தாலும் ஆபரேஷனைத் தாங்குவாரா என்று டாக்டரே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். சபையின் அடுத்த அசனப் பண்டிகைக்குள் அடக்கம் பண்ணிவிட்டோம். கல்லறைத் தோட்டத்தில் அத்தான் என்னிடம் “ஆண்டவர் சித்தம்” என்றார். உயிரோடு இருந்தவரைக்கும் என் அவிசுவாசம், போன பிறகு ஆண்டவர் சித்தம்.

இவர்களுக்குப் பதில் சொல்ல வேதத்திலேயே இடம் இருக்கிறது, நாம்தான் பார்த்து வைத்துக்கொள்வதில்லை. எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது அழுது ஜெபித்தார், ஆயுசில் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அந்த வாக்கைக் கொண்டுவந்த ஏசாயாவேதான் அவருடைய கட்டியின் மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னார். தீர்க்கதரிசிக்கு மருந்து அவிசுவாசமாகத் தெரியவில்லை. பவுலின் சரீரத்திலிருந்து கொண்டுபோன உறுமால் பட்டு நோயாளிகள் சுகமானதாக அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. அதே பவுல் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். துரோப்பீமுவின் விசுவாசத்தைப் பற்றி ஒரு குறை கிடையாது. இதையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கும் ஒரு அத்தான் வருவார்.

எங்கள் ஜில்லா டோனாவூரில், பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் இருந்தார். 1931இல் விழுந்து அடிபட்டவர், 1951இல் சாகும்வரை பெரும்பாலும் அறைக்குள், படுக்கையோடுதான். ஜெபிக்க ஆளில்லாமலா? அவர் வளர்த்த பிள்ளைகளே ஒரு சபை அளவுக்கு இருந்தார்கள். படுக்கையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார். அவருக்கு விசுவாசம் போதாது என்று சொல்ல எங்கள் பக்கம் எவருக்கும் துணிச்சல் வராது. என்னிடம் சொல்ல வந்தது.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது கிர்ரென்று அதிரும். தினம் காலையில் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அதிர்வு நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஐசியூவுக்குப் பிறகு, விரல் அங்கே இருக்கும்போதே ஜெபிக்கப் பழகினேன். சுகம் தாரும் என்று கேட்கிறதை விட்டுவிட்டு, இன்றைக்கு மூச்சு முட்டாமல் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டேன். அது பல நாள் கிடைத்தது. இதெல்லாம் ஒரு பதிலா என்று அத்தான் கேட்பார். எனக்குப் பதில்தான்.

அவர் போன பிறகு கோயிலில் என்னால் பாட முடியவில்லை. பாடுகிறவர்கள் நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவும் ஆராதனைதான். வீட்டில் சங்கீதம் 88ஐ வாசித்தேன். மற்றப் பல புலம்பல்களைப் போல அது கடைசியில் துதிக்குத் திரும்புவதில்லை, சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போனதைச் சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிற ஆண்டவரிடம் என் கோபத்தை மறைக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. என் தசமபாகம் இப்போது டயாலிசிஸுக்கு வந்துபோகிறவர்களின் பஸ் செலவுக்குப் போகிறது. கமிட்டியில் சிலருக்கு வருத்தம். இருக்கட்டும்.

டயாலிசிஸ் எடுக்கிறவரைப் பார்க்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இளநீரும் ஆரஞ்சும் வாங்கிப் போகாதீர்கள். ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, அவர் மெஷினில் இருக்கிற நாலு மணி நேரமும் பக்கத்தில் உட்காருங்கள். அவர் வீட்டுக்காரி போய்க் குளித்து, நாலு வாய் சாப்பிட்டுவிட்டு வரட்டும்.