புதுச்சேரியில் வேலை தேடும் மாற்றுத்திறனாளிகளுக்கு

முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (யூடிஐடி) வேண்டும். குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு கேட்க முடியும். அட்டையிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பலருக்குச் சிக்கல் வருவது இங்கேதான்.

என்ன வேலை ஒத்துவரும் என்று தெரியவில்லையா? புதுச்சேரியிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது. மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. திறனைப் பரிசோதித்து, பயிற்சிக்கும் வேலைக்கும் வழிகாட்டுவார்கள், கட்டணம் இல்லை. "வேலை வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

சொந்தத் தொழில் என்றால் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மாற்றுத்திறனாளி கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம்தான். மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். தையல் கடையோ செல்போன் பழுதுபார்ப்போ, இயந்திரத்தின் விலைப்புள்ளியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தொழிற்பேட்டை முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: வாசலில் ஒரு சாய்தளமும், சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு கழிப்பறையும் கட்டிவிட்டு ஆள் தேடுங்கள்.